எட்டு இருபத்தைந்துக்குப் பொங்கிய பானை

புதன்கிழமை, காலை 7.15.

"போச்சு! என் ரெண்டு வருஷமும் போச்சு!"

காஜா பேராங் சாலையோரத்து அத்தாப்பு ஓலைக் கூரை வீடு ஒன்றின் பின்னறையிலிருந்து கிளம்பிய அந்தக் கூச்சலில், தெங்கேராக் கடற்கரையில் தூங்கிக்கொண்டிருந்த நண்டுகளெல்லாம் வளைக்குள் ஓடி ஒளிந்தன. வெளியே கும்மிருட்டு.

காலை ஏழேகாலுக்கு ஏது இருட்டு என்று கேட்பவர்கள் 1943 ஜூன் மாதம் மலாக்காவில் இருந்திருக்க மாட்டார்கள். ஜப்பான்காரர்கள் வந்த கையோடு ஊரிலிருந்த கடிகாரங்களையெல்லாம் ஒன்றரை மணி நேரம் முன்னால் தள்ளி டோக்கியோ நேரத்துக்கு வைத்துவிட்டார்கள். சூரியனுக்கு மட்டும் அந்தச் சுற்றறிக்கை போய்ச் சேரவில்லை. அது தன் பாட்டுக்கு எட்டு மணிக்கு மேல்தான் எட்டிப் பார்த்தது. பதினாறு மாதத்தில் மனிதர்களுக்கு அதுவும் பழகிவிட்டது.

பழகாதவர் ஒரே ஒருவர், கணேசமூர்த்தி ஜோசியர். அவர் அந்த நேரத்தில் அதே வீட்டின் வாசலில் நின்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

"ஏம்மா பொன்னம்மா, சங்கர் கடைக்காரன் புள்ள காலையில ஆறு மணிக்குப் பொறந்துச்சுன்னு எழுதிக் குடுத்திருக்கியே, அது எந்த ஆறு? டோக்கியோ ஆறா, நம்ம ஆறா? நான் ரிஷப லக்னம்னு ஜாதகம் எழுதி மஞ்சளும் தடவிட்டேன்!"

"டோக்கியோதான். கழிக்க மறந்துட்டேன் ஜோசியரே."

"உன் மறதியில ஒரு புள்ள தலையெழுத்தே மாறிப் போச்சு!"

பொன்னம்மா பிரசவம் பார்ப்பவள். மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லாருக்கும் அவள் 'பீடான் பொன்னம்மா'. மலாக்காவில் பாதிப் பேர் அவள் கையில் பிறந்தவர்கள். மீதிப் பேர் அவளைக் கூப்பிடாததற்காக இன்னும் வருத்தப்படுகிறவர்கள். 1931 முதல் ஒரு பிரசவம் விடாமல் தேதி, வீடு, நேரம் மூன்றையும் ஒரு கெட்டி அட்டை நோட்டில் எழுதி வைத்திருந்தாள். ஆள் ஐந்தடிக்கும் குறைவு. மூளை மட்டும் ஆறடி.

கூச்சல் கேட்டதும் ஜோசியரை அப்படியே விட்டுவிட்டுப் பின்னறைக்கு ஓடினாள்.

அங்கே தகரப் பெட்டியின் முன்னால் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தான் சேதுபதி, அவள் வீட்டில் குடியிருப்பவன். வயது இருபத்தாறு. சிங்கப்பூரில் கல்லூரிப் பட்டத்துக்காக ஓர் ஆய்வேடு எழுதத் தொடங்கியவன். முதல் அத்தியாயம் முடிவதற்குள் சண்டை வந்து கல்லூரியை மூடிவிட்டார்கள். வேறொருவனாக இருந்தால் மரவள்ளி நடப் போயிருப்பான். இவன் மலாக்கா வந்து, காஜா பேராங் செட்டி மக்களின் சடங்குகளை ஒன்று விடாமல் நேரில் பார்த்து எழுதினான். அந்தச் செட்டிகள் பல தலைமுறைக்கு முன் கடல் தாண்டி வந்தவர்கள். தமிழை மறந்து மலாய் பேசினாலும் மாரியம்மனையும் பொங்கலையும் மறக்காதவர்கள். இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம். நேற்றுவரை அது இந்தப் பெட்டிக்குள் இருப்பதாகத்தான் நினைத்திருந்தான்.

"பூட்டு?"

"பூட்டினபடியே இருந்துச்சுக்கா. சாவி என் அரைஞாண்ல."

"உள்ள என்ன இருக்கு?"

"பழைய பேப்பர்."

பெட்டி நிறைய மடித்த செய்தித்தாள்கள். தூக்கிப் பார்த்தால் ஆய்வேடு இருக்கும் கனம்.

சேதுபதி துள்ளி எழுந்தான். "கடலைக்காரன்தான்! ஜாலான் பெண்டஹாராவுல பொட்டலம் கட்ட ஒரு துண்டு காகிதம் இல்லாம அலையுறான். என் மூணாவது அத்தியாயத்துல இந்நேரம் எவன் கச்சான் தின்னுக்கிட்டிருக்கானோ!"

"உக்காரு தம்பி. காகிதத்துக்காகத் திருடுறவன் இவ்வளவு காகிதத்த வச்சிட்டுப் போவானா?"

அவன் உட்கார்ந்தான்.

பொன்னம்மா பெட்டியைத் திருப்பினாள். பின்பக்கக் கீல்களைத் தடவினாள். இரண்டு கீல் ஆணியும் துருப்பிடித்தவை. ஆனால் தலை இரண்டும் பளபளத்தன. பூட்டைத் தொடாமல், ஆணியைப் பிடுங்கி மூடியைப் பின்னாலிருந்து திறந்திருக்கிறார்கள். செய்தித்தாள்களைப் புரட்டினாள். எல்லாம் 1940ஆம் வருஷத்துத் தாள்கள்.

"ஊரே காகிதத்துக்குப் பறக்குது. மூணு வருஷத்துப் பேப்பர இவ்வளவு பத்திரமா எவன் வச்சிருக்கான்?"

 சேதுபதிக்கு வேறு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. அவன் பெயர் சயாம் ரயில்பாதை வேலைக்கான பட்டியலில் இருந்தது. சனிக்கிழமை லாரி வரும். மூன்று மாதத்தில் திரும்பிவிடலாம் என்று சொல்லித்தான் ஆள் எடுத்தார்கள். முதல் லாரியில் போனவர்களில் ஒருவரும் இன்னும் திரும்பவில்லை. தப்ப ஒரே வழி, ஜப்பான் நிர்வாகத்தின் பழக்கவழக்க ஆராய்ச்சி அலுவலகம். உள்ளூர் மக்களைப் பற்றி நல்ல நூல் எழுதியவர் ஒருவருக்கு வேலையும் சிவப்பு முத்திரை குத்திய அட்டையும் தருவதாக அறிவித்திருந்தார்கள். அந்த அட்டை வைத்திருப்பவனை லாரியில் ஏற்ற முடியாது. நூலைக் கொடுக்க இன்றே கடைசி நாள்.

காலை 10.00.

பேராசிரியர் சாமிநாதன் வீட்டுக்குப் போனார்கள். அவர் சேதுபதியின் ஆய்வுக்கு மேற்பார்வையாளர்; கல்லூரி மூடியதும் மலாக்காவிலிருந்த தன் வீட்டுக்கே திரும்பியவர். மலாக்கா வெயிலில் கோட்டுக்கு உள்ளே இன்னொரு கோட்டுப் போடும் ஒரே மனிதர். இருபத்திரண்டு வருஷமாக மற்றவர்கள் எழுதியதைத் திருத்தித் திருத்தியே சிவப்பு மையில் ஒரு மலாக்கா ஆற்றை ஓட விட்டிருந்தார். சொந்தமாக ஒரு நூலும் எழுதியதில்லை. அவர் வீட்டில் எதுவும் வெளியே போகாது: பழைய டைரி, பழைய பென்சில், பழைய பஸ் டிக்கெட் வரைக்கும். சுவரோரம் செய்தித்தாள்கள் வருஷவாரியாகக் கட்டி அடுக்கப்பட்டிருந்தன. 1938. 1939. 1941.

பொன்னம்மா அந்தக் கட்டுகளையே பார்த்தாள்.

"வாத்தியாரய்யா, நாப்பது எங்க?"

"எலி தின்னுடுச்சு."

"நடுவுல உள்ளத மட்டுமா?"

"எலிக்கு ருசி உண்டும்மா."

சேதுபதிக்குப் பொறுக்கவில்லை. "சார், என் ஆய்வேட்டைக் காணோம்!"

"காணோமா? நேத்தே ஆபீஸ்ல குடுத்தாச்சே." பேராசிரியர் கண்ணாடியைத் துடைத்தார். "என் நூலத்தானே சொல்ற?"

அறையில் ஒரு ஈ பறந்தது. அதுவும் நின்றுவிட்டது.

"உங்க நூலா?"

"தலைப்பு யார் குடுத்தது?"

"நீங்க. ஆனா..."

"படிச்ச புத்தகம் யாருது?"

"உங்களுது."

"டைப்ரைட்டர்?"

"உங்களுதுதான் சார், ஆனா அடிச்சது நான்!"

"அதத்தான் நானும் சொல்றேன். அடிச்சது நீ. டைப் அடிக்கிறவன் நூலாசிரியன் ஆக முடியுமா? முந்நூத்தி நாப்பது காற்புள்ளி போட்டிருக்கேன், தம்பி. ஒவ்வொண்ணா எண்ணிப் பாத்துட்டேன். காற்புள்ளி இல்லாத நூல் மூச்சு இல்லாத உடம்பு."

"திங்கக்கிழமை எங்க இருந்தீங்க?" இது பொன்னம்மா.

"உங்க வீட்டுலதான். நீங்கதான சோளக் காப்பி குடுத்தீங்க. வாய் இன்னும் கசக்குது."

"சேது ரூம்ல எவ்வளவு நேரம் இருந்தீங்க?"

"மேற்பார்வைக்கு நேரக் கணக்கு கிடையாதும்மா."

"கையில பெரிய பை ஒண்ணு வச்சிருந்தீங்க."

"குடை."

"குடைய யாரும் பையில வைக்க மாட்டாங்க."

"நான் வைப்பேன்."

வெளியே வந்ததும் சேதுபதி சாலையோர மைல்கல்லை எட்டி உதைத்தான். மைல்கல் அசையவில்லை. அவன் கால் பெருவிரல் வீங்கி மரவள்ளிக்கிழங்கு ஆனது.

காலை 11.30.

ஆராய்ச்சி அலுவலகத்தில் முன்மேசைக் குமாஸ்தா தேவதாஸ். ஜப்பானிய எழுத்து நானூறு தெரிந்ததால் அவனை அங்கே உட்கார வைத்திருந்தார்கள். அதிகாரி ஒகாவா உள்ளே இருந்தால் அவன் மூச்சைக்கூட அனுமதி வாங்கித்தான் விடுவான்.

"நூல் வந்திருக்கா?" என்றாள் பொன்னம்மா.

"வந்திருக்குக்கா. மொத தாள்ல சாமிநாதன் சார் பேரு."

"மொத தாள மட்டும் புதுசா அடிச்சிருப்பார்!" என்றான் சேதுபதி.

"அதே டைப்ரைட்டர்தானே தம்பி. நான் எப்படிக் கண்டுபிடிக்கிறது? உள்ள பூரா அவர் கையெழுத்துல சிவப்பு மைத் திருத்தம் வேற."

"என் கள நோட்டு எல்லாம் அதே பெட்டிலதான் இருந்துச்சு. அதுவும் போச்சு."

தேவதாஸ் தலையைச் சொறிந்தான். உள்ளே போனான். வெளியே வந்தான். அந்த இடைவெளியில் சேதுபதி நான்கு விரல் நகத்தைக் கடித்து முடித்திருந்தான்.

"அய்யா சொல்றாரு: எழுதினவன் ஒருத்தன், கார்டு ஒண்ணு. வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு ரெண்டு பேரும் ஆதாரத்தோட வரணும். பொய் சொன்னவன..." தேவதாஸ் தன் கழுத்தைத் தடவிக்கொண்டான். மொழிபெயர்க்கத் தேவைப்படவில்லை.

மாலையில் செய்தி வந்தது. பேராசிரியர் ஆதாரம் கொடுத்துவிட்டார்: தன் கைப்பட எழுதிய 1940ஆம் வருஷத்து டைரி. போகியும் பொங்கலும் நேரில் பார்த்து, நிமிஷக் கணக்காகக் குறித்தது. அதாவது சேதுபதி ஆய்வைத் தொடங்குவதற்கும் முன்னால்.

வியாழக்கிழமை, காலை 9.40.

பொன்னம்மா செட்டிக் கம்பத்துக்கு, அதாவது செட்டி மக்களின் குடியிருப்புக்குப் போனாள். அன்னபூரணி வீட்டு முற்றத்தில்தான் பொங்கல் பார்த்ததாக நூலில் இருக்கிறது. அன்னபூரணியின் ஆறு பிள்ளைகளும் பொன்னம்மா கையில் பிறந்தவர்கள். இந்த ஜனவரியில் சேதுபதி வந்து பானை பக்கத்தில் சப்பணமிட்டு உட்கார்ந்து எழுதியதை வீட்டார் எல்லாரும் பார்த்திருக்கிறார்கள்.

அது போதுமே என்று பொன்னம்மா மகிழ்ந்தாள். அந்த மகிழ்ச்சி அரை நிமிஷம் இருந்தது.

"பேராசிரியர் வந்திருக்காரா? சண்டைக்கு முன்னால?" என்று மலாயில் கேட்டாள்.

அன்னபூரணி சிரித்தாள். "டூலு டியா அடா டத்தாங்." முன்பு அவரும் வந்ததுண்டு.

"எப்போ?"

அது அன்னபூரணிக்கு நினைவில்லை. கோட்டுமேல் கோட்டுப் போட்டிருந்தார், மூன்று தட்டுச் சோறு சாப்பிட்டார், அதுதான் நினைவிருந்தது. பொங்கலா, அம்மன் திருவிழாவா, கல்யாணமா? முகத்தைச் சுளித்து யோசித்தாள். பிறகு கையை விரித்தாள்.

பொன்னம்மா திரும்பி நடந்தாள். சேதுபதி வந்தது உண்மை. 'நான்தான் சரிபார்க்க அனுப்பினேன்' என்பார் அவர். அவர் வந்ததும் உண்மை. 'அதுதான் அந்தப் பொங்கல்' என்பார். எந்தப் பக்கம் முட்டினாலும் சுவர். பிரசவத்தில் குறுக்கே கிடக்கும் பிள்ளையைக்கூட அவள் திருப்பி எடுத்திருக்கிறாள். இந்த மனிதரைத் திருப்ப முடியவில்லை.

பிற்பகல் 2.00.

"அஞ்சு நிமிஷம்தான்க்கா. அய்யா சாப்பிடப் போயிருக்காரு." தேவதாஸ் டைரியை நீட்டினான். அவனுடைய இரட்டைப் பிள்ளைகளை உலகத்துக்குக் கொண்டுவந்தவள் கேட்டால் அவன் அலுவலகத்தையே நீட்டுவான். "அய்யா இன்னும் இதத் திறக்கல. நாளைக்கு நான்தான் படிச்சிச் சொல்லணும்."

டைரி அசல். அட்டையில் 1940 என்று பொன் எழுத்து. காகிதம் பழுப்பு. ஜனவரி 13, 14 இரண்டு பக்கம் நிறைய எழுத்து, மற்றதெல்லாம் வெள்ளை. பொன்னம்மாவுக்கு இங்கிலீஷ் அரைகுறை. தேவதாஸ் படித்துச் சொல்லச் சொல்ல, மணிகளைத் தன் பிரசவ நோட்டின் கடைசித் தாளில் குறித்துக்கொண்டாள்.

13. போகி. முன்னோருக்கு இலை போட்டுப் படைப்பது. சூரியன் மறையும் நேரம் விளக்கு: இரவு 8.20.

14. பொங்கல். சூரியன் அன்னபூரணி வீட்டுத் தென்னைக்கு மேல் ஏறியதும் பானை பொங்கியது: காலை 8.25.

"நூல்ல?"

"அச்சா அதே மணிதான்க்கா. ஒரு நிமிஷம் மாறல."

"எல்லாம் சரியாத்தானே இருக்கு," என்று முணுமுணுத்தாள். சூரியன் எட்டேகாலுக்கு வரும். எட்டேகாலுக்குப் போகும். தினமும் பார்ப்பதுதானே. ஒரு தப்பும் இல்லை. அவளுக்கு அழுகை வந்தது. அழப் பிடிக்காததால் தேவதாஸை முறைத்தாள்.

மாலை 5.30.

வீட்டுக்கு வந்தால் சேதுபதி மூட்டை கட்டிக்கொண்டிருந்தான். இரண்டு சட்டை, ஒரு போர்வை, ஒரு தகர டம்ளர்.

"சயாம்ல மழை ஜாஸ்தியாம்க்கா. குடை எடுத்துட்டுப் போலாமா?"

"வாய மூடு."

"சார் குடை வேணா கேக்கலாம். பையில வச்சிருப்பாரு."

சிரிப்பதா அடிப்பதா என்று அவள் யோசிப்பதற்குள் வாசலில் ஜோசியர் குரல்.

"பொன்னம்மா! சங்கர் கடைக்காரன் இன்னைக்கும் வந்து கத்திட்டுப் போறான். இனிமே நீ நேரம் எழுதுற தாள்ல மொத வரியா எழுது: 'ஒன்றரையைக் கழிச்சாச்சு'ன்னு. கழிச்சியா இல்லையான்னு தெரியாம நான் எப்படி ஒரு மனுஷன் பொறந்த நேரத்த நம்புறது? ஒரு நாழிகை தப்பினா..."

பொன்னம்மா எழுந்து நின்றாள். நோட்டைப் பிரித்தாள். கடைசித் தாளைப் பார்த்தாள். பிறகு முன்னால் புரட்டினாள். 1943, 42, 41, 40. ஒரு வரியில் விரல் நின்றது.

"ஜோசியரே, உங்க வாய்க்கு ஒரு மூட்டை சக்கரை போடணும். சக்கரைதான் இல்ல."

"என்னா ஆச்சு?"

"தம்பி, மூட்டைய அவிழு."

வெள்ளிக்கிழமை, காலை 9.30.

அலுவலகத் தாழ்வாரம். ஒகாவா வர இன்னும் அரை மணி. பேராசிரியர் இன்று மூன்று கோட்டுப் போட்டிருந்ததாகப் பிற்பாடு தேவதாஸ் சத்தியம் செய்தான். சேதுபதி தூணோரம். டைரி மேசைமேல்.

"வாத்தியாரய்யா," என்றாள் பொன்னம்மா, "திங்கக்கிழமை சேது மரவள்ளி வாங்க வரிசையில நின்னான். நான் அடுப்படியில சோளம் வறுத்துக்கிட்டு இருந்தேன். நீங்க அவன் ரூம்ல கீல் ஆணியப் பிடுங்கி, ஆய்வேட்டையும் கள நோட்டையும் பையில போட்டுக்கிட்டு, உங்க நாப்பதாம் வருஷத்துப் பேப்பர உள்ள வச்சீங்க. நானே உங்களுக்குக் காப்பி குடுத்து உபசாரம் பண்ணியிருக்கேன். அந்தக் கோவம் எனக்கு என் மேல."

"கற்பனை. ஆதாரம் மேசைமேல இருக்கு. ஏம்மா, உனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியுமா?"

"மணி மட்டும் படிப்பேன். பொங்கல் அன்னைக்கு நீங்க எங்க இருந்தீங்க?"

"எழுதியிருக்கே. அன்னபூரணி வீட்டுல."

"1940ல?"

"1940ல."

"பானை எத்தன மணிக்குப் பொங்குச்சு?"

"எட்டு இருபத்தஞ்சு."

"சூரியன்?"

"அப்பத்தான் தென்னைக்கு மேல வந்துச்சு. தத்ரூபமா எழுதியிருக்கேனே."

பொன்னம்மா தன் கெட்டி அட்டை நோட்டை அவர் முன்னால் விரித்து ஒரு வரியில் விரல் வைத்தாள். "இதையும் படிங்க. நல்லா சத்தமா."

பேராசிரியர் குனிந்தார். "1940 ஜனவரி 14. தெங்கேரா, பொன்னுதுரை வீடு. ஆண். காலை 6.50. சூரியன் கிளம்பிவிட்டது." நிமிர்ந்தார். "இதுக்கும் எனக்கும் என்ன..."

வாய் திறந்தபடி நின்றது. ஒரு தவளை தாராளமாகக் குடியேறலாம்.

"அதே நாள், அதே ஊரு, அதே சூரியன்," என்றாள் பொன்னம்மா. "தெங்கேராவுல ஆறேமுக்காலுக்கு எழுந்த சூரியன் காஜா பேராங்குக்கு மட்டும் எட்டரைக்கு வந்துச்சா? நடந்து வந்திருந்தாக்கூட அரை மணிதான்லா ஆகும்!"

"என்... என் கடிகாரம் அப்போ தப்பா ஓடிக்கிட்டு இருந்துச்சு."

"இருக்கலாம். முதல் நாள் போகி. சூரியன் மறையிறது ராத்திரி எட்டு இருபது. வெள்ளைக்காரன் காலத்துல எந்த ஊர்ல அய்யா ராத்திரி எட்டு இருபதுக்குச் சூரியன் இருந்துச்சு? காலையிலயும் ஒன்றரை மணி தப்பு. சாயங்காலமும் அதே ஒன்றரை. ஜப்பான்காரன் இங்க வர்றதுக்கு ரெண்டு வருஷம் முன்னாலயே உங்க கடிகாரம் மட்டும் டோக்கியோவுக்குப் போயிடுச்சா?"

தேவதாஸ் வாயைப் பொத்திக்கொண்டான்.

"அந்த மணியெல்லாம் இந்த வருஷம் ஜனவரியில சேது பாத்து எழுதினது. நீங்க அவன் நோட்டப் பாத்து, எழுதாம கிடந்த பழைய டைரியில அப்படியே இறக்கிட்டீங்க. வருஷத்த மாத்தினீங்க. மணிய மாத்தல. எட்டு மணிக்கு விடியிறது நமக்கெல்லாம் அவ்வளவு பழகிப் போச்சு. நேத்து இதே பக்கத்தப் பாத்துட்டு நானே சரியா இருக்குன்னுதான் சொன்னேன். ஜோசியர் மட்டும் பழகிக்கல, அவர் வாழ்க!"

பேராசிரியர் நாற்காலியில் உட்கார்ந்தார். கோட்டுகள் மட்டும் நேராக இருந்தன. உள்ளே மனிதர் சுருங்கிவிட்டார்.

"இருபத்திரண்டு வருஷம்," என்றார். "எத்தன பசங்க நூல். ஒவ்வொண்ணுலயும் கடைசிப் பக்கத்துல ஒரு வரி நன்றி. அதுலயும் ரெண்டு பேரு என் பேரத் தப்பா அடிச்சிருந்தானுங்க. முதல் தாள்ல ஒரே ஒரு தடவை..."

"அவன் பேரு சயாம் லிஸ்ட்ல இருக்கிறது உங்களுக்குத் தெரியும்."

"மூணு மாசம்னுதானே சொன்னாங்க."

"நீங்க அத நம்பினீங்களா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தாழ்வாரத்தில் யாரும் யாரையும் பார்க்கவில்லை.

"உள்ள போய் உண்மையச் சொன்னா உங்க கழுத்து போகும்," என்றாள் பொன்னம்மா. "பொய்யச் சொன்னா இவன் உயிர் போகும். எனக்கு ரெண்டும் வேண்டாம். உயிர உலகத்துக்குக் கொண்டு வர்றதுதான் என் வேல. தேவதாஸ், அந்த டைரி தொலைஞ்சு போச்சா?"

"எந்த டைரிக்கா?" என்றான் தேவதாஸ். அதற்குள் மேசை காலி.

"வாத்தியாரய்யா, நீங்க மேற்பார்வையாளர். மாணவன் நூல நீங்க கொண்டாந்து குடுத்தீங்க. முதல் தாள அடிச்சவன் பேர மாத்தி அடிச்சிட்டான். அவ்வளவுதான்."

"அடிச்சது நான்தானே..." என்றார் பேராசிரியர்.

"டைப் அடிக்கிறவன் தப்புக்கு நூலாசிரியன் பொறுப்பில்ல," என்றான் சேதுபதி. இரண்டு நாளில் அவன் முதல்முறையாகச் சிரித்தான். அழகான சிரிப்பு என்று சொல்ல முடியாது.

காலை 10.00.

ஒகாவா வந்தார். அனைவரும் இடுப்பு ஒடியக் குனிந்தார்கள். பேராசிரியர் சொன்னார். தேவதாஸ் மொழிபெயர்த்தான். ஒகாவா சேதுபதியை ஏற இறங்கப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"பானை எந்தப் பக்கம் பொங்கி வழிந்தது என்கிறார்."

"கிழக்க," என்றான் சேதுபதி உடனே. "அன்னபூரணியம்மா கடைசிப் பையன் கால்ல தெறிச்சுது. அதனாலதான் நூல்ல திசைய எழுத விட்டுப் போச்சு. அவனத் தூக்கிட்டு ஓடினேன்."

நூலில் இல்லாத அந்தப் பதில் அதிகாரிக்குப் பிடித்திருக்க வேண்டும். முத்திரை விழுந்தது. சிவப்பு.

சனிக்கிழமை லாரி வந்தது. காஜா பேராங்கில் பதினொரு பேரை ஏற்றிக்கொண்டு போனது. சேதுபதி அட்டையை நெஞ்சோடு பிடித்தபடி கதவுக்குப் பின்னால் நின்றான். அன்று அவன் சாப்பிடவில்லை.

செப்டம்பர், ஒரு ஞாயிற்றுக்கிழமை. மாலை 4.10.

பேராசிரியர் ஓடி வந்தார். மூன்று மாதத்தில் முதல் தடவையாக அந்த வீட்டுக்கு. ஒரு கோட்டுகூட இல்லை, வெறும் பனியன். பின்னால் தேவதாஸ், கையில் அப்போதுதான் அச்சான ஒரு புத்தகத்துடன்.

"அம்மா! நம்ம நூலத் திருடிட்டான்!"

"நம்ம நூலா?"

"சரி, தம்பியோட நூலு! ஒகாவா ஜப்பான் மொழியில போட்டிருக்கான். முதல் தாள்ல அவன் பேரு மட்டும்! தம்பி பேரு இல்ல, என் பேரு இல்ல, கடைசிப் பக்கத்துல ஒரு வரி நன்றிகூட இல்ல! இப்படியும் ஒரு மனுஷன் இருப்பானா?"

சேதுபதி அவரையே பார்த்தான். கேட்க வேண்டியது நிறைய இருந்தது. 

"காற்புள்ளி?" என்றான்.

"எல்லாத்தையும் எடுத்துட்டான், பாவி!"

யாரிடம் போய் முறையிடுவது? அலுவலகத்தில் முறையிட்டால் விசாரிக்கப்போவது ஒகாவா. நால்வரும் அந்தப் புத்தகத்தை இறந்தவர் வீட்டில் உட்கார்ந்திருப்பதுபோலச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

"தேவதாஸ், பொங்கல் பக்கத்தப் படி," என்றாள் பொன்னம்மா திடீரென்று.

அவன் விரல் வைத்துத் தேடினான். "இதோ. 'ஷோவா பதிமூன்றாம் ஆண்டு...' அதாவது 1938ங்க. 'நான் பயணியாக மலாக்கா வந்தபோது என் கண்ணால் கண்டது. சூரியன் தென்னைக்கு மேல் ஏறியதும் பானை கிழக்கே பொங்கி வழிந்தது. அப்போது காலை மணி...'"

தேவதாஸ் நிறுத்தினான்.

"சொல்லு."

"எட்டு இருபத்தஞ்சு."

முதலில் சிரித்தது பேராசிரியர். பிறகு சேதுபதி. சாலையில் காவல் சிப்பாய் போகும் சத்தம் கேட்டு எல்லாரும் தலையணை, துண்டு, கிடைத்ததையெல்லாம் வாயில் திணித்துக்கொண்டார்கள். பொன்னம்மா மட்டும் திணிக்கவில்லை.

"தம்பி, ஒரு நோட்டு எடு. இந்தப் பக்க எண்ண எழுதி வை. இந்த மணிய எழுதி வை. வாத்தியாரய்யா சாட்சிக் கையெழுத்துப் போடட்டும். கடைசிப் பக்கத்துல இல்ல, முதல் தாள்லயே. இவனுங்க என்னைக்காவது போவானுங்க. அன்னைக்கு நூல் யாரோடதுன்னு சொல்ல இந்த ஒரு வரி போதும்."

பேராசிரியர் தன் பெயரைத் தப்பில்லாமல், மிக மெதுவாக எழுதினார்.

சேதுபதி அதற்குக் கீழே அன்றைய தேதியைப் போட்டான். பிறகு நேரம்: மாலை 4.30. கொஞ்சம் யோசித்து, பக்கத்திலேயே இன்னொன்றும் எழுதினான்: சூரியனுக்கு, மணி மூன்று.